ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி

பையின் எடை 17.2 கிலோ. விமான நிலையம் கிளம்புமுன் சூட்கேஸை எடைபோடும் கைத்தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். கூடாரம், தூங்கும் பை, அடியில் விரிக்கும் மெத்தை, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, மூன்று நாள் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டைக் கரடியிடமிருந்து காப்பாற்ற ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பா. அம்மா அனுப்பிய கோவில்பட்டி கடலை மிட்டாய் பாக்கெட்டும் அதில் அடக்கம்.

ஈரோட்டு நண்பன் என் அறைத் தரையில் உட்கார்ந்து தன் டூத்பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தான். கிராம் கணக்குப் பார்க்கும் ஆள் அவன். "உன் வெயிட்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தூக்கக்கூடாதுடா, அதான் ரூல்" என்றான். நான் 68 கிலோ. அவன் கணக்குப்படி 13.6தான் தூக்கலாம்.

"வீட்ல என்னன்னு சொல்லியிருக்க?"

"ஆபீஸ் வேலையா போர்ட்லேண்ட் போறேன்னு. மூணு நாளைக்கு டவர் இருக்காதுன்னு."

"போர்ட்லேண்ட்ல டவர் இருக்காதா?"

"அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. நண்பன் ஒன்றும் சொல்லாமல் பிரஷை அறுத்து முடித்தான்.

நான்கு வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்கா வந்து மலையேறப் பழகியது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றில்லை. ஏரிப் படம், பனிப் படம் எல்லாம் அனுப்புவேன். "கார் அங்கவரைக்கும் போகுமாப்பா?" என்று அப்பா கேட்பார். "போகும்ப்பா" என்பேன். முதுகில் பை இருக்கும் படத்தை மட்டும் அனுப்பியதே இல்லை.

*

அப்பா விருதுநகரில் லோடுமேன். முப்பத்தோரு வருடம் ஒரே தெருவில் வேலை. பருப்பு, மல்லி, மிளகாய் வத்தல் கிட்டங்கிகள் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் தெரு. அதற்குள் நுழைந்தாலே வெளியூர்க்காரர்களுக்குத் தும்மல் வரும். எங்களுக்கு வராது. அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி உதறினால் அம்மா கண்ணைக் கசக்குவாள். வத்தல் மூட்டை இறக்கிய நாள் என்று அதை வைத்தே தெரிந்துகொள்வோம்.

வத்தல் மூட்டை பார்க்கப் பெரிதாக இருக்கும், கனம் கம்மி. உளுந்து அப்படியே தலைகீழ். சர்க்கரை மூட்டை அப்போதெல்லாம் 100 கிலோ. அப்பா எந்தக் காலத்திலும் 60 கிலோவைத் தாண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. அப்பா வேலை பார்த்த கிட்டங்கிக்கு அந்தத் தாள் வந்து சேரவில்லை.

கூலி மூட்டைக் கணக்கு. லாரியில் ஏற்றினால் ஏற்றுக்கூலி, இறக்கினால் இறக்குக்கூலி. மூட்டையை ஒருவர் தானாகத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் கொக்கி போட்டுத் தூக்கி, குனிந்து நிற்பவரின் முதுகில் வைப்பார்கள். அவர் பலகை ஏறிப் போய் அட்டியில் சரிப்பார். திரும்பி வந்து, அடுத்தவருக்கு ஏற்றிவிடுவார். அப்பா வீட்டில் யாரைப் பற்றியாவது உயர்வாகப் பேசினால், "நல்லா ஏத்திவிடுவான்" என்பதுதான் வார்த்தை. மோசமாக ஏற்றிவிடுகிறவனால் முதுகு போகும்.

எனக்குப் பதினான்கு வயது. அரைப் பரீட்சை லீவு. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். அப்பா லாரிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் கூட்டாளிகள் விளையாட்டாக, "வாங்க மாப்ள, ஒரு நடை போயிட்டு வாங்க" என்று 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை என் தோளில் வைத்தார்கள். நான் நாலு அடி நடந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்தாவது அடியில் சிப்பம் தோளிலிருந்து போய்விட்டது. அப்பா அதைப் பிடுங்கிக் கீழே போட்டிருந்தார். திரும்பிய வேகத்தில் கன்னத்தில் ஒரு அறை.

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. கூட்டாளிகளிடம் ஒரு வாரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இது என்னோட முடியணும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் எங்கள் வீட்டில் நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை. அக்கா தூக்கினாள். அது ஏன் அப்படி என்று எனக்கு உறுத்துவதற்கே இன்னும் பத்து வருடம் ஆனது.

*

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆபீஸ் கூட்டத்தோடு உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறினேன். அங்கே கொஞ்சம் பணம் கட்டினால் பையை 'ஆஃப்லோட்' செய்துகொள்ளலாம், கோவேறு கழுதை சுமக்கும். எல்லோரும் கட்டினார்கள், நானும் கட்டினேன். காலையில் ஒருவர் எங்கள் பைகளைக் கழுதையின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, தன் தோளை ஒரு பக்கத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து, பல்லால் கயிறை இழுத்துக் கட்டினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாயந்திரம் பையைத் திரும்ப வாங்கும்போதும் தரையைப் பார்த்தபடியே வாங்கினேன்.

சியாட்டல் வந்தபின் நிலைமை வேறு. இங்கே காட்டுக்குள் போகிறவர்கள் அவரவர் பையை அவரவரே சுமக்கிறார்கள். டைரக்டரும் சுமக்கிறார், இன்டர்னும் சுமக்கிறான். பை வாங்கக் கடைக்குப் போனபோது, அங்கிருந்த பையன் என் இடுப்பை டேப்பால் அளந்தான். பிறகு ஒரு காலிப் பைக்குள் சின்னச் சின்ன மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டான். "கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள், ஏதாவது உறுத்தினால் சொல்லுங்கள்" என்றான்.

நடந்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அடி சின்னதாகியிருந்தது. முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. கழுத்து முன்னால் நீண்டு, கண் நாலு அடி தள்ளித் தரையில் இருந்தது. பலகை ஏறும்போது அப்பா நடக்கும் நடை. யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரக் கூடாதென்று ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்.

இருநூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து அந்தப் பையை வாங்கினேன்.

*

நாங்கள் போன இடத்தின் பெயர் என்சான்ட்மென்ட்ஸ். வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதிக்குள் இருக்கிறது. கருங்கல் மலைகளுக்கு நடுவே, ஏழாயிரம் அடி உயரத்தில், ஒரு பெரிய தாம்பாளம்போல ஒரு பள்ளம். அதில் ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். அங்கே இரவு தங்க அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். பிப்ரவரியில் பெயர் கொடுக்க வேண்டும். நண்பனுக்கு நாலாவது வருடம் விழுந்தது. அக்டோபர் முதல் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை.

காட்டுக்கு முன்னால் கடைசி ஊர் லெவன்வர்த். ரயில் பாதையும் மரம் அறுக்கும் ஆலையும் போனபின் வற்றிப்போன ஊர். 1960களில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, கடைவீதி முழுவதையும் ஜெர்மனியின் பவேரியா கிராமம்போல மாற்றிக்கட்டி, சுற்றுலாவை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். மரம் தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது காபி விற்கிறார்கள். அங்கே ஒரு கடை வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றேன். நண்பன் படம் எடுத்தான். நன்றாக வந்திருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அப்பாவும் அம்மாவும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டுத்தான் போட்டேன். அடுத்த வளைவில் டவர் போய்விட்டது.

முதல் நாள் பாதை முழுக்கக் காடு. டக்ளஸ் ஃபர் மரங்கள், நடுநடுவே போண்டரோசா பைன். போண்டரோசாவின் பட்டையில் மூக்கை வைத்தால் வெனிலா வாசம் வரும் என்று நண்பன் சொல்ல, இரண்டு பேரும் மரத்தைக் கட்டிப்பிடித்து முகர்ந்தோம். வந்தது. ஓடையின் மேல் மரக்கட்டைப் பாலம். அதைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிட்டது.

பாதைக்குக் குறுக்கே விழுந்த ஒரு பெரிய மரத்தை, ஆள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் அறுத்து எடுத்திருந்தார்கள். வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் மோட்டார் வைத்த கருவி எதற்கும் அனுமதியில்லை. 1964இல் போட்ட சட்டம் அது. சைக்கிள்கூட உள்ளே வரக்கூடாது. அதனால் பாதை பராமரிப்பவர்கள் இன்றும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். அறுத்த முகத்தில் கை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நல்ல கூட்டாளிகளாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் என் கண் வேறொன்றைத் தேட ஆரம்பித்தது. இடுப்புயரப் பாறை. பையைத் தரையில் இறக்கினால் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. இடுப்புயரத்தில் ஒரு பாறை கிடைத்தால் பின்னால் சாய்ந்து, பாரத்தை அதன்மேல் வைத்து, பட்டையைக் கழற்றாமலேயே மூச்சு வாங்கலாம். அப்படி ஒரு பாறை கிடைத்துச் சாய்ந்தபோதுதான் ஆச்சி ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் சுமைதாங்கி ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யார் உதவியும் கேட்காமல், சுமையை அதில் தள்ளி வைக்கலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். இறக்கிவைக்காமல் போனவளுக்காக, மற்றவர்கள் இறக்கிவைக்க ஓர் இடம். சின்ன வயதில் அதன்மேல் ஏறிக் குதித்து விளையாடியிருக்கிறேன். அப்பா அதை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டான உயரம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாயந்திரம் கோல்சக் ஏரிக்கு வந்தோம். 5,500 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. பனியாறு அரைத்து அனுப்பும் கல்மாவு கலந்ததால் தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். எதிரே டிராகன்டெயில் சிகரம் சுவராக நிற்கிறது. கோல்சக் என்றால் குளிர்ந்த நீர். சினூக் ஜார்கன் என்ற கலப்பு மொழிச் சொல். பல இனத்தவர் ஒருவரோடொருவர் வியாபாரம் பேச இந்தப் பக்கம் புழங்கிய மொழி அது. அத்தனை அழகான ஏரிக்கு ஒரு சந்தை மொழியில் பெயர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

*

இரண்டாம் நாள் ஆஸ்கார்ட் கணவாய். ஏரியின் அந்தக் கரையிலிருந்து நேராக மேலே போகிறது. ஒரு மைலுக்குள் இரண்டாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். பாதை என்று ஒன்று கிடையாது. உருண்டு கிடக்கும் பாறைகள், சரளை, ஆங்காங்கே யாரோ அடுக்கிவைத்த அடையாளக் கற்கள். வழி தவறி அருவிப் பக்கம் போய் விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

நண்பன் முன்னால் போய்விட்டான். அவன் பை 11 கிலோ. நான் நூறு அடிக்கு ஒருமுறை நின்றேன். முக்கால் தூரம் ஏறியிருப்பேன். ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குக் காலைத் தூக்கி வைத்தபோது பை என்னைப் பின்னால் இழுத்தது. கூடாரத்தைப் பைக்கு வெளியே, பின்பக்கத்தில் கட்டியிருந்தேன். அது தொங்கி ஆடியது. நான் மல்லாக்க, பையின்மேல் விழுந்தேன். நல்லவேளையாக இரண்டு பாறைக்கு நடுவே செருகிக்கொண்டேன். கவிழ்த்துப்போட்ட ஆமைபோலக் காலும் கையும் மேலே இருந்தன. கீழே ஏரி அதே பச்சையில் பளபளத்தது. கால் நடுங்க ஆரம்பித்து, நிற்கவேயில்லை.

சத்தியமாக அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றுதான். இங்கே ஏதாவது ஆனால், எப்படி ஆனது என்று அப்பாவுக்குச் சொல்வார்கள். மூட்டை தூக்கிப் போகும்போது விழுந்துவிட்டான் என்று சொல்வார்கள்.

கீழேயிருந்து ஒரு அம்மா ஏறி வந்தார். அறுபது வயதாவது இருக்கும், வெள்ளைப் பின்னல். அவசரமே படாமல் தன் பையை ஒரு பாறை இடுக்கில் வைத்துவிட்டு வந்து, என் பட்டைகளைக் கழற்றி என்னை எழுப்பி உட்காரவைத்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். கால் நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு என் பையை முழங்காலில் தூக்கி வைத்து, "திரும்பு" என்றார். திரும்பிக் குனிந்தேன். முதுகில் பாரம் மெதுவாக, நேராக, ஒரு பக்கமும் சாயாமல் வந்து உட்கார்ந்தது. தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போ" என்றார்.

கடலை மிட்டாய் பாக்கெட்டைக் கையில் எடுத்து அவருக்கு இரண்டு கொடுத்தேன். ஒன்றை அப்போதே கடித்து, இது என்ன என்று கேட்டார். நிலக்கடலையும் வெல்லமும் என்றேன். மலைக்காகவே செய்ததுபோல இருக்கிறது என்றார்.

*

7,800 அடியில் கணவாயைத் தாண்டினால் மறுபக்கம் வேறு உலகம். ஒரு மரமில்லை. வெளுத்த கருங்கல், பழைய பனித் திட்டுகள், கல்லுக்குள் தேங்கிய ஏரிகள். கொஞ்சம் இறங்கியதும் லார்ச் மரங்கள் ஆரம்பித்தன. பைன் குடும்பத்து மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அக்டோபரில் ஓரிரு வாரம்தான் அந்த மஞ்சள் இருக்கும். நாங்கள் போனது அந்த வாரம். வெயில் பட்ட மரங்கள் ஊதுபத்தி நுனிபோல எரிந்துகொண்டிருந்தன.

பில் ஸ்டார்க், பெக் ஸ்டார்க் என்று லெவன்வர்த்தில் இருந்த ஒரு தம்பதி, பல வருடங்கள் இங்கே ஏறி வந்து, ஏரிகளுக்கும் பாறைகளுக்கும் நார்ஸ் புராணங்களிலிருந்தும் ஆர்தர் ராஜா கதைகளிலிருந்தும் பெயர் வைத்தார்கள். ஆஸ்கார்ட் என்பது தேவலோகத்தின் பெயர். வெனாச்சி மக்களின் பூமி இது. அவர்கள் இவற்றை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது எங்கள் கையிலிருந்த வரைபடத்தில் இல்லை.

சாயந்திரம் கூடாரம் போட்டதும் மலையாடுகள் வந்தன. வெள்ளை வெளேரென்று ஒரு தாயும் குட்டியும். அவற்றுக்கு நம்மிடம் வேண்டியது உப்பு. வியர்வை படிந்த பைப் பட்டையை நக்கும், விட்டால் மென்றுவிடும். சிறுநீரிலுள்ள உப்புக்காகச் செடியையே பிடுங்கித் தின்னும் என்பதால், கூடாரத்திலிருந்து தள்ளிப்போய் வெறும் பாறைமேல் போகச் சொல்கிறது வனத்துறை. நான் போய்விட்டுத் திரும்புவதற்குள் தாய் ஆடு அந்தப் பாறைக்கு வந்துவிட்டது. நண்பன் சிரித்துச் சிரித்து இருமினான்.

நெருப்பு மூட்ட அனுமதியில்லை. இருட்டியதும் தூங்கும் பைக்குள் கழுத்துவரை புகுந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருந்தோம். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் பட்டை உரசித் தோல் சிவந்து எரிந்தது. அப்பாவின் வலது தோளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. சின்ன வயதில் அதை அமுக்கி விளையாடுவேன். "வலிக்குதாப்பா?" "அங்க உணர்ச்சியே கிடையாதுய்யா."

எனக்கு வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். பாரம், மூச்சு, அடுத்த அடி என்று மூன்று நாள் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. திங்கட்கிழமை அந்த வலியை இறக்கிவைத்துவிட்டு நான் நாற்காலியில் போய் உட்காரலாம் என்பதால் கிடைக்கும் நிம்மதி. அந்த நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தக் காய்ப்பு. அவர் எதிலிருந்து என்னைத் தப்பவைத்தாரோ, அதை நான் லீவு போட்டு வந்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். இதை அவருக்கு எந்தத் தமிழில் சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். நட்சத்திரங்கள் ஏராளமாக இருந்தன.

*

மூன்றாம் நாள் இறக்கம். இறங்குவதுதான் மோசம் என்று லோடுமேன்கள் எல்லோருக்கும் தெரியும். விவியன் ஏரிக்குக் கீழே வழுக்குப் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்துப் படிபோல வைத்திருக்கிறார்கள். அதில் கால் வைத்து வைத்து இறங்கினோம். அடிவாரம்வரை மொத்தம் ஆறாயிரம் அடிக்கு மேல். மதியத்துக்குள் முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை.

ஸ்னோ ஏரிகளில் பாதை ஒரு சின்ன அணையின்மேல் போகிறது. இவ்வளவு உயரத்தில், மோட்டாருக்கே அனுமதியில்லாத காட்டுக்குள் அணை. இந்தப் பகுதி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது 1976இல். அணைகள் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியவை. மேல் ஸ்னோ ஏரித் தண்ணீர் ஒரு சுரங்கம் வழியாக இறங்கி, ஐசிகிள் ஓடையில் சேர்ந்து, கீழேயுள்ள மீன்பண்ணைக்குப் போகிறது. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை கட்டியபோது சால்மன் மீன்களின் வழி அடைபட்டது. அதற்கு ஈடாகக் கட்டிய பண்ணை அது. முதல் நாள் பார்த்த கோல்சக் ஏரியின் வாயிலும் சின்ன அணை உண்டு. அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கின் பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பாய்கிறது. மனிதக் கை படாத இடம் என்று நினைத்துத்தான் ஏறியிருந்தேன். யாரோ இந்தக் கல்லையெல்லாம் சுமந்து வந்திருக்கிறார்கள்.

லெவன்வர்த் வந்ததும் போன் துடிக்க ஆரம்பித்தது. பதினாறு மிஸ்டு கால். அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி: "டேய், ஸ்டேட்டஸ்ல உன் போட்டோவ அப்பாகிட்ட காமிச்சேன்டா. அழகா இருந்துச்சேன்னு காமிச்சேன். அவுக மொகமே மாறிப்போச்சு. என்னடா போர்ட்லேண்டு?"

அவளுக்கு மறைக்க மறந்திருந்தேன்.

அங்கே திங்கள் காலை ஆறரை. வீடியோ கால் போட்டேன். அப்பா திண்ணையில் டீ டம்ளரோடு இருந்தார். சட்டைக்கு மேல் இடுப்பு பெல்ட். டிஸ்க் நகர்ந்த பிறகு டாக்டர் கொடுத்தது.

"வந்துட்டியாய்யா?"

"வந்துட்டேன்ப்பா."

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கனம் இருக்கும்?"

"பதினேழு கிலோ."

"பதினேழா?" அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "சிப்பம்கூட இல்லையேய்யா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது கேட்டார்:

"ஏத்திவிட ஆள் இருந்துச்சா?"

கணவாயில் விழுந்ததை எப்படியோ சொல்லிவிட்டேன். பொய் சொல்லத் தெம்பில்லை. வெள்ளைப் பின்னல் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா முழுவதும் கேட்டார்.

"அவுகளுக்கு எதாச்சும் குடுத்தியா?"

"கடலை மிட்டாய் குடுத்தேன்ப்பா."

"ம். அது போதும்." பிறகு, "அந்த ஆடு படம் அனுப்பியிருக்கியே, அது யாரு ஆடு?"

"யாரு ஆடும் இல்லப்பா. காட்டு ஆடு."

"தண்ணி எங்க போகுது?"

சொன்னேன். பேரிக்காய்த் தோட்டம், மீன்பண்ணை, சுரங்கம் எல்லாம். மூன்று நாளில் நான் பார்த்ததிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான். சுரங்கத்தை எப்படிக் குடைந்தார்கள், கல்லை எதில் கொண்டுபோனார்கள் என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் போனாய் என்று மட்டும் கேட்கவில்லை. போர்ட்லேண்டைப் பற்றியும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவர் எனக்கு அனுப்பிய முதல் குரல் செய்தி. பட்டனை முன்னமே அழுத்திவிட்டார்போல, முதலில் கொஞ்ச நேரம் காக்கா சத்தம் மட்டும். அப்புறம்:

"அந்த போட்டோவ நல்லாப் பாத்தேன்ய்யா. டெண்ட்ட வெளிய பின்னால கட்டியிருக்க. அது தப்பு. கனமான சாமான் முதுகோட ஒட்டி இருக்கணும். தள்ளி நின்னுச்சுன்னா பத்து கிலோ இருபது கிலோவா இழுக்கும். நடக்கும்போது பேசாத. எறக்கும்போது மூச்ச விட்டுட்டு எறக்கு. வைக்கிறேன்."

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் கூடாரத்தைப் பைக்கு உள்ளே, முதுகை ஒட்டித்தான் வைக்கிறேன். பை இப்போது இழுப்பதில்லை.

அடுத்த மாதம் அம்மாவிடம் பேசும்போது, பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள். அக்கா போட்டோவைக் காட்டிய அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். என்னங்க என்று கேட்டதற்கு, "தோள்பட்டைய எறக்கி நிக்கிறான் பாரு, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாராம். விளக்கை அணைத்த பிறகும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.